ஷின் எலும்பு வலி: பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடலாமா, நிறுத்தணுமா?

பெரம்பூர்_இடதுகால் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 24. பத்து மாசமா கிக்பாக்ஸிங் போறேன். கிளாஸ் நடக்கிறது ஒரு வீட்டு மொட்டை மாடியில. கீழ சிமெண்ட் தளம், மேல மெல்லிசான ரப்பர் மேட், அதுவும் பாதி இடத்துக்குத்தான்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு போட்டிக்குப் பேர் கொடுத்தேன். வாரம் மூணு நாள் போயிட்டிருந்ததை அன்னையிலிருந்து ஆறு நாளாக்கிட்டேன். ஸ்கிப்பிங் 10 நிமிஷத்திலிருந்து 30 நிமிஷத்துக்குப் போச்சு. ஞாயித்துக்கிழமை மெரினா சர்வீஸ் ரோட்டுல 8 கிலோமீட்டர் ஓட்டம்.

இப்ப நாலு வாரமா இடது கணைக்கால்ல (ஷின்), உள்பக்க எலும்பு ஓரமா வலி. ஆரம்பத்துல வார்ம்-அப் பண்ணும்போது வரும், உடம்பு சூடானா மறைஞ்சிடும். இப்ப மறையறதில்ல. காலையில கட்டிலை விட்டு இறங்கினா முதல் பத்து அடி நொண்டித்தான் நடக்கிறேன்.

மாஸ்டர் மேல எனக்கு ரொம்ப மரியாதை. அவர் சொன்னது: "எலும்பு பழுக்குது, விடாதே. கண்ணாடி பாட்டிலை ஷின் மேல வெச்சு தினம் உருட்டு." ஒரு வாரம் உருட்டினேன். வலி கூடியிருக்கே தவிர குறையல. போட்டிக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கொளத்தூர்_ரோப் எழுதியது:

சேம் ப்ரோ. எனக்கும் ரெண்டு மாசமா வலது கால்ல இருக்கு. கிளாஸுக்கு முன்னாடி வலி ஸ்பிரே அடிச்சுட்டு ஏறிடுவேன், ஒரு மணி நேரம் தாங்கும். எல்லாருக்கும் வர்றதுதான்னு நினைச்சேன்.

மாம்பலம்_பிசியோ எழுதியது:

தம்பி, முதல்ல அந்த பாட்டிலை எடுத்து அலமாரியில வையுங்க. நான் பிசியோதெரபிஸ்ட், பதினாலு வருஷமா விளையாட்டுக் காயங்களைப் பார்க்கிறேன். நேர்ல பார்க்காம இதுதான்னு சொல்ல மாட்டேன். வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கு, அதைச் செஞ்சு பாருங்க.

உட்கார்ந்து, இடது காலைத் தூக்கி வலது முழங்கால் மேல போடுங்க. உள்பக்க எலும்பு ஓரத்தைக் கணுக்காலிலிருந்து மேலே ஒவ்வொரு விரல் அகலமா அழுத்திக்கிட்டே வாங்க. வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவலா, கீழ்ப்பாதியில எங்க தொட்டாலும் இருந்தா, அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ், அதாவது அதிகப் பயிற்சியால எலும்பு ஓரத்துல வர்ற வலி. தொந்தரவுதான், ஆனா பயப்பட வேண்டியதில்ல. அப்படி இல்லாம, ஒரே இடத்துல ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குத்தற மாதிரி வலிச்சாலோ, ராத்திரி தூக்கத்துல வலிச்சாலோ, ஒத்தைக் கால்ல ஒரே ஒரு தடவை குதிச்சதும் சுருக்குன்னு இருந்தாலோ, எலும்புல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது தொடர் சுமையால வர்ற மெல்லிய விரிசல், தொடங்கியிருக்கலாம். அப்ப உடனே எலும்பு டாக்டர்.

இன்னொண்ணு. நிறைய பேர் எக்ஸ்ரே எடுத்துட்டு "ஒண்ணுமில்லன்னு வந்திருச்சு"ன்னு திரும்பவும் ஆடப் போயிடுறாங்க. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் முதல் ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேயில பெரும்பாலும் தெரியவே தெரியாது. எம்ஆர்ஐயில முன்கூட்டியே தெரியும்.

உங்க கணக்கைப் பாருங்க. நிமிஷத்துக்கு 120 குதி வெச்சா, 10 நிமிஷம் ஸ்கிப்பிங் 1,200 குதி. 30 நிமிஷம்னா 3,600. மூணு நாள் ஆறு நாளாச்சு. அதாவது வாரத்துக்கு 3,600 தடவை தாங்கின கால், திடீர்னு 21,600 தடவை தாங்குது. அதுவும் சிமெண்ட் மேல. ஒரு உதைகூட உதைக்காமலே இந்த வலி வரும்.

நாகர்கோவில்_டு_தாம்பரம் எழுதியது:

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். அடிமுறையும் சிலம்பமும் ஆசான்கிட்ட படிச்சவன், வயசு 58. பிசியோ அம்மா சொல்றதை மறுக்கல. ஆனா எலும்பைப் பழக்குறதே தப்புங்கிற மாதிரி இளசுகள் எடுத்துக்கக் கூடாதுன்னு எழுதுறேன்.

நாங்களும் வாழையை உதைச்சுப் பழகினவங்கதான். தாய்லாந்துக்காரங்களும் அதைச் செய்றாங்க. ஆனா வாழையை ஏன் எடுத்தாங்கன்னு யோசிக்கணும். மரம்னு பேர்தான், அதுல மரமே கிடையாது. மட்டைக்கு மேல மட்டை, உள்ள முழுக்க நீர். உதைச்சா வாங்கிக்கிடும். தார் வெட்டின பிறகு எப்படியும் சாய்க்க வேண்டிய வாழையைத்தான் ஆசான் விடுவார். இதைப் பார்த்துட்டு இங்க ஒருத்தன் வீட்டு வாசல் வேப்பமரத்துல கயிறு சுத்தி உதைக்கிறதைப் பார்த்தேன். கூப்பிட்டு நிறுத்தினேன்.

பாட்டில் உருட்டுறது எங்க வழியில இல்ல. அடிபட்ட அன்னைக்கு எண்ணெய் போட்டு உருவுறதும் இல்ல. வீக்கம் வத்தி, சூடு அடங்கினாத்தான் தைலம். அவசரப்பட்டு உருவினவனுக்கு ரத்தக்கட்டு பரவினதை நான் கண்ணால பார்த்திருக்கேன். நாங்க ஆடினது செம்மண் தரை, வெறுங்கால். அந்தத் தரையை விட்டு வந்த பிறகு பயிற்சியை மட்டும் அப்படியே சிமெண்டுக்குக் கொண்டுவந்தா எப்படி?

மாம்பலம்_பிசியோ எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. நீங்க சொன்னதுல ஒண்ணுகூட எனக்கு மறுப்பில்ல. எலும்பு பழகும், அது உண்மை. எந்தப் பக்கம் சுமை விழுதோ அந்தப் பக்கம் எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கும்னு ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் 1892லேயே எழுதி வெச்சார். நாம எல்லாரும் தவறவிடுறது அந்தத் திருத்தம் நடக்கிற வரிசையைத்தான்.

பழைய வீட்டுச் சுவரைப் புதுசா கட்டணும்னா முதல்ல கொஞ்சம் இடிக்கணும் இல்லையா? எலும்பும் அப்படித்தான். அடி அதிகமான இடத்துல பழைய எலும்பை அரிச்சு எடுக்கிற செல்கள் முதல்ல வரும். அந்த வேலை ஏறக்குறைய மூணு வாரம். பின்னாலதான் புது எலும்பு போடுற செல்கள் வரும், அதுக்கு மூணு மாசம்போல ஆகும். ஆக, பயிற்சியைத் திடீர்னு கூட்டின மூணாவது நாலாவது வாரத்துல எலும்பு முன்னை விட பலவீனமாத்தான் இருக்கும். அந்த நேரத்துல மூச்சு நல்லா வரும், தசை ஏறியிருக்கும், உதையில வேகம் வந்திருக்கும். ஆடுறவனுக்கு "நான் தயார்"னு தோணும். எலும்பு மட்டும் இடிச்ச சுவரா நிக்கும். என்கிட்ட வர்றவங்க பெரும்பாலும் இந்த வாரத்துலதான் வர்றாங்க.

பாட்டில் உருட்டினா எலும்பு கெட்டியாகாது. கணைக்காலோட உள்முன் பக்கத்துல தசையே இல்ல, தோலுக்குக் கீழே நேரா எலும்பு. எலும்பு மேல பெரியாஸ்டியம்னு ஒரு மெல்லிய உறை, அதுல நரம்பு நிறைய. பாட்டில் நசுக்கிறது அந்த உறையை. நாளாவட்டத்துல வலி மரத்துப் போகும். அதைத்தான் "பழுத்துட்டு"ன்னு சொல்றாங்க. உணர்வு குறைஞ்சிருக்கும், எலும்பு மாறியிருக்காது.

இன்னொரு விஷயமும் சொல்லிடுறேன், எனக்குப் பிடிச்ச விஷயம். விலங்குகள்ல செஞ்ச ஆய்வுகள்ல, எலும்பு தொடர்ந்து ஒரே மாதிரி சுமை வாங்கினா சில பத்து தடவையிலேயே அதைக் கவனிக்கிறதை நிறுத்திடுதுன்னு தெரிஞ்சது. பல மணி நேரம் ஓய்வு கொடுத்தாத்தான் திரும்பக் கவனிக்கும். அதனால ஒரே மூச்சுல 30 நிமிஷம் ரோப் போடுறதை விட, காலையில 5 நிமிஷம், சாயங்காலம் 5 நிமிஷம்னு பிரிக்கிறது எலும்புக்கு நல்லது. மீதி 20 நிமிஷக் குதி எலும்பைக் கட்டாது, தேய்க்கத்தான் செய்யும்.

அயனாவரம்_கோச் எழுதியது:

நான் பத்து வருஷத்துக்கும் மேலா கிக்பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கிறேன். பெரம்பூர் தம்பியோட மாஸ்டரைத் தப்பா நினைக்காதீங்க. எங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தாங்களோ அப்படியேதான் நாங்களும் சொல்லிக்கொடுத்தோம். நானும் பாட்டில் உருட்டச் சொன்னவன்தான். 2013 டிசம்பர் 28க்குப் பிறகு சொல்றதில்ல.

அன்னைக்கு லாஸ் வேகாஸ்ல யுஎஃப்சி 168, கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி. ஆண்டர்சன் சில்வா, கிறிஸ் வைட்மேனுக்கு இடது காலால லோ கிக், அதாவது எதிராளி காலைக் குறிவெச்ச தாழ்வான உதை, போட்டார். வைட்மேன் முழங்காலைத் தூக்கித் தடுத்தார். சில்வாவோட கணைக்கால்ல ரெண்டு எலும்பும் முறிஞ்சது. உள்ளே கம்பி வெச்சு அறுவை சிகிச்சை செஞ்சாங்க, அடுத்த ஃபைட்டுக்கு 2015 ஜனவரி கடைசி நாள் வரைக்கும் காத்திருந்தார். சில்வாவோட ஷின் பழகாததா? இருபது வருஷம் உதைச்ச கால். இன்னொண்ணும் கேளுங்க. அதே வைட்மேன், 2021 ஏப்ரல் 24ல, யுரையா ஹாலுக்குப் போட்ட முதல் உதையிலேயே தன் வலது காலை அதே மாதிரி முறிச்சுக்கிட்டார்.

அந்த ரெண்டு வீடியோவையும் மெதுவா ஓட்டிப் பார்த்துட்டுத்தான் என் கிளாஸை மாத்தினேன். டிபியா, அதாவது கணைக்காலோட பெரிய எலும்பு, மேல அகலம், கீழே போகப் போகச் சிறுத்து, கணுக்காலுக்கு மேல மூணுல ஒரு பங்கு உயரத்துல ரொம்ப ஒல்லி. அந்த ஒல்லி இடம் எதிராளியோட முழங்காலுக்குக் கீழே இருக்கிற தடிச்ச எலும்புல போய் விழுந்தா யாரா இருந்தாலும் முறியும். அதனால உதைக்கிறப்ப ஷின்னோட நடுப்பகுதி படணும், தூரம் அதுக்கேத்த மாதிரி இருக்கணும். எட்டாத தூரத்திலிருந்து எட்டி உதைக்கிறவனுக்குத்தான் கீழ்ப்பகுதியும் பாதமும் படும். தடுக்கிறப்ப முழங்காலை ஒட்டின மேல்பகுதியைக் கொடுக்கணும். அப்புறம் லோ கிக்கை வெறுமனே தனியா போடக்கூடாது. மேல ரெண்டு குத்து போட்டு, எதிராளியோட கனம் அந்தக் கால் மேல இறங்கியிருக்கப்ப போட்டா, அவன் காலைத் தூக்கித் தடுக்க முடியாது. இதெல்லாம் உத்தின்னு நினைப்போம், கால் முறியாம காப்பாத்துறதும் இதுதான்.

என் கிளாஸ்ல முதல் ஆறு மாசம் உதைச்சுப் பழகுறது மெத்துன்னு இருக்கிற பேக் மட்டும். அடியில மணல் இறங்கி இறுகிப்போன பேகை அவிழ்த்துத் திரும்ப நிரப்பாம யாரையும் உதைக்க விடுறதில்ல. ஸ்பாரிங்ல, அதாவது ரெண்டு பேர் மோதிப் பழகுறப்ப, ஷின் கார்டு (கணைக்கால் கவசம்) இல்லாதவன் ஓரமா உட்கார்ந்து பார்க்கணும். டேக்வாண்டோ போட்டிகள்லயே ஷின் கார்டு கட்டாயம், நமக்கென்ன?

எண்ணூர்_அண்ணன் எழுதியது:

கோச் எழுதினதோட ஒண்ணு சேர்க்கணும். இதைப் படிக்கிறவங்க யாராவது ஒருத்தருக்காவது உதவும்.

என் சித்தப்பா பையன், 19 வயசு. ஸ்பாரிங்ல ஷின்னும் ஷின்னும் மோதினது. கார்டு போடல. எலும்பு முறியல, நடந்துதான் வீட்டுக்கு வந்தான். ரெண்டு மணி நேரத்துல முன்கால் வீங்கிப் பலகை மாதிரி இறுகிடுச்சு. வீட்டுல கட்டு போடுற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மூங்கில் வெச்சு இறுக்கிக் கட்டி அனுப்பிட்டாங்க. ராத்திரி முழுக்க அலறல். மாத்திரைக்கு அடங்கல. கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல தொட்டாத் தெரியலன்னான். கட்டைவிரலை லேசா கீழ மடக்கினாலே உயிர் போற மாதிரி கத்தினான்.

விடியக்காலையில அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். டாக்டர் பார்த்ததும் கட்டை வெட்டி எறிஞ்சுட்டு, நேரா ஆபரேஷன் தியேட்டர். கால்ல தசை இருக்கிற அறைக்குள்ள ரத்தம் தேங்கி அழுத்தம் ஏறி, தசைக்கும் நரம்புக்கும் ரத்தம் போகாம நின்னுடுச்சாம். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்னு பேர். நீளமாக் கிழிச்சு அழுத்தத்தை எடுத்துவிட்டாங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள வந்திருக்கணும்னு சொன்னாங்க. கால் தப்பிச்சது. ஆனா பாதத்தை மேல தூக்குற பலம் முழுசா வரல. மூணு வருஷமாச்சு, இன்னைக்கும் செருப்பு தட்டித் தட்டித்தான் நடப்பான்.

நாட்டுக்கட்டால குணமானவங்க எங்க குடும்பத்திலேயே உண்டு. நான் அதைக் குறை சொல்ல வரல. புது அடி, வீக்கம் ஏறிக்கிட்டே போகுது, கால் இறுகுதுன்னா, எந்தக் கட்டும் போடாம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.

மாம்பலம்_பிசியோ எழுதியது:

அண்ணா, இதை எழுதினதுக்கு நன்றி. எல்லாரும் ரெண்டு தடவை படிங்க. அடிக்குச் சம்பந்தமே இல்லாத அளவு வலி, அதுதான் முதல் அறிகுறி. இந்தச் சந்தேகம் வந்தா ஐஸும் வேண்டாம், காலைத் தலையணை மேல உயர்த்தவும் வேண்டாம். கட்டு, கிரேப் பேண்டேஜ், இறுக்கமான சாக்ஸ் எது இருந்தாலும் அவிழ்த்துட்டுக் கிளம்புங்க.

சாதாரண ரத்தக்கட்டுக்கு வழக்கமான முறையே போதும். துணியில சுத்தின ஐஸ் 15 நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, ரெண்டு நாள். சூடு, உருவுறது, புளியும் உப்பும் கொதிக்க வெச்சுச் சூடாப் பத்து போடுறது எல்லாம் அந்த ரெண்டு நாள் வேண்டாம். ரத்தம் இன்னும் கசியும்.

முகப்பேர்_அம்மா எழுதியது:

இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. என் மகளுக்கு 15 வயது. டேக்வாண்டோ ஆடுகிறாள். அவளுக்கும் கணைக்காலில் வலி. ஓய்வெடுத்தால் போகிறது, திரும்ப ஆடினால் இரண்டே வாரத்தில் வந்துவிடுகிறது. மூன்றாவது முறை இது. எடைப் பிரிவுக்காக ராத்திரி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள், வெள்ளரிக்காய் மட்டும். நாலு மாதமாக மாதவிலக்கும் வரவில்லை. விளையாடும் பெண்களுக்கு அப்படித்தான் என்று அவள் கூடப் படிக்கிறவர்கள் சொன்னார்களாம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

மாம்பலம்_பிசியோ எழுதியது:

அம்மா, நல்லவேளை எழுதினீங்க. நேரடியான தொடர்பு உண்டு. உடம்புக்குள்ள போற சாப்பாடு பயிற்சிக்கே போதாம இருந்தா, உடம்பு மத்த வேலைகளை நிறுத்தும். மாதவிலக்கு நிக்கிறது அதுல ஒண்ணு. ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சா எலும்பு கட்டுற வேலையும் சுணங்கும். எலும்பு சேர வேண்டிய வயசே இதுதான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ல இந்த நிலைமைக்குத் தனிப் பேர் கொடுத்து எச்சரிக்கை பண்ணினது இதனாலதான். விளையாடும் பெண்களுக்கு அப்படித்தான்கிறது சரியில்ல. மூணு மாசம் வரலன்னாலே டாக்டரைப் பார்க்கணும். எலும்பு டாக்டர், மகளிர் மருத்துவர் ரெண்டு பேரையும் பாருங்க. வைட்டமின் டி அளவையும் சோதிக்கச் சொல்லுங்க. வெயில் இவ்வளவு அடிக்கிற ஊர்ல இருந்தும் குறைவா இருக்கிறவங்க நிறைய.

ராத்திரி சாப்பாடு இன்னைக்கே திரும்பணும். கேழ்வரகுல 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச் சத்து இருக்கு. கூழ், அடை, களி எது பிடிக்குதோ கொடுங்க. முள்ளோட சாப்பிடுற நெத்திலி, எள்ளுருண்டை, தயிர். அதோட மாஸ்டர்கிட்ட பேசி மேல் எடைப் பிரிவுக்கு மாத்துங்க. குழந்தை இன்னும் வளர்ந்துக்கிட்டிருக்கா, எடை ஏறத்தான் செய்யும், ஏறணும். அவளைத் திட்டாம, பக்கத்துல உட்கார்ந்து பேசுங்கம்மா.

பெரம்பூர்_இடதுகால் எழுதியது:

அழுத்திப் பார்த்தேன். பரவலாவும் இருந்தது, நடுவுல ஒரு இடம் தனியா குத்தவும் செஞ்சது. டாக்டர்கிட்ட போய் எம்ஆர்ஐ எடுத்தாச்சு. எலும்புக்கு உள்ளே நீர் கோத்திருக்கு, முறிவுக் கோடு இன்னும் விழலன்னார். "இன்னும் ரெண்டு வாரம் ஆடியிருந்தா கோடு விழுந்திருக்கும்"னு சொன்னார். ஆறிலிருந்து எட்டு வாரம் குதிக்கிறது, ஓடுறது, உதைக்கிறது எதுவும் கூடாது. போட்டி போச்சு.

மாஸ்டர்கிட்ட ஸ்கேனைக் காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தார். "எனக்கு இது தெரியலடா"ன்னார். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேட்கல.

இந்த எட்டு வாரம் சும்மா உட்காரணுமா அக்கா?

மாம்பலம்_பிசியோ எழுதியது:

சும்மா உட்காரவே கூடாது. நடக்கும்போது வலி நின்னதும் நீச்சல், சைக்கிள் ரெண்டும் தொடங்கலாம். மெரினாவுல மாநகராட்சி நீச்சல்குளம் இருக்கு, வேளச்சேரியிலயும் ஒரு நீச்சல்குளம் இருக்கு. நாற்காலியில உட்கார்ந்து கைவேகம், பேக்ல குத்து, இடுப்பு வேலை எல்லாம் செய்யுங்க.

டாக்டர் சரின்னதும் கெண்டைக்காலைக் கட்டணும். கீழே இறங்கும்போது அதிர்ச்சியை வாங்குறது கெண்டைக்கால்தான். அது சோர்ந்தா மிச்சம் எலும்புக்குப் போகும். மாடிப்படி விளிம்புல நின்னு குதிகாலை மெதுவா ஏத்தி இறக்குங்க, முழங்காலை நீட்டி ஒரு சுற்று, மடக்கி ஒரு சுற்று. மடக்கிச் செய்றதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க, ஆழத்துல இருக்கிற சோலியஸ் தசைக்கு அதுதான் வேலை. அப்புறம் சுவர்ல முதுகைச் சாய்ச்சு, பாதத்தை ஓரடி முன்னால வெச்சு, நுனிப்பாதத்தை மேல தூக்கித் தூக்கி இறக்குங்க. ஒத்தைக் கால்ல 25 தடவை குதிகால் ஏத்த முடியாம ரோப்பைத் தொடாதீங்க.

திரும்பி வர்ற வழி: அரை மணி நேரம் வேகமா நடந்து, அன்னைக்கும் மறுநாள் காலையிலயும் வலியே இல்லாம ஒரு வாரம். பிறகு ஒத்தைக் கால்ல பத்து குதி, வலி இல்லாம. பிறகு ஒரு நிமிஷம் ரோப், ஒரு நிமிஷம் நடை, அஞ்சு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வெறும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்னா லேசான வலியோட தொடர விடுவேன். உங்களுக்கு எலும்புக்குள்ள இருக்கு, அதனால லேசான வலிகூட வரக்கூடாது. வந்தா ஒரு படி பின்னாடி.

பெரம்பூர்_இடதுகால் எழுதியது:

பதினோராவது வாரம். நேத்து முதல் தடவையா பேகை உதைச்சேன். பாதி வேகம், இடது கால் இருபது உதை, அவ்வளவுதான் கணக்கு. காலையில எழுந்து பத்து அடி நடந்தேன், ஒண்ணும் இல்ல.

நாங்க பன்னெண்டு பேர் காசு போட்டு 40 மில்லிமீட்டர் மேட் வாங்கி மாடி முழுக்கப் போட்டாச்சு. மாஸ்டரும் பங்கு கொடுத்தார். ரோப் இப்ப எல்லாருக்கும் 5 நிமிஷம், ஷூ போட்டு. அடுத்து ஷின் கார்டு வாங்கணும். துணியில சாக்ஸ் மாதிரி வர்றது போதுமா?

அயனாவரம்_கோச் எழுதியது:

லோ கிக் ஆடுறவங்களுக்கு அது போதாது. பெரியமேட்டுல நேரு ஸ்டேடியத்தைச் சுத்தி விளையாட்டுச் சாமான் கடைங்க இருக்கு, நேர்ல போங்க. ஆன்லைன்ல அளவு சரியா வராது. ரெண்டு கால்லயும் மாட்டி, முழங்காலுக்குக் கீழேயிருந்து பாதத்து மேல்பக்கம் வரைக்கும் மூடுதான்னு பாருங்க. கடையிலேயே பத்து தடவை காலைத் தூக்கி வீசுங்க. வியர்வை இல்லாதப்பவே சுத்துற கார்டு, ஸ்பாரிங்ல கெண்டைக்காலுக்குப் போயிடும்.

முகப்பேர்_அம்மா எழுதியது:

மகளுக்கு மூன்று மாதமாக ஓய்வு. மேல் எடைப் பிரிவுக்கு மாற மாஸ்டரும் ஒத்துக்கொண்டார். போன வாரம் மாதவிலக்கு வந்தது. ராத்திரி எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

கொளத்தூர்_ரோப் எழுதியது:

அக்கா, ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன். இன்னைக்குத்தான் அழுத்திப் பார்த்தேன். உள்பக்கம் இல்ல, எலும்போட முன் விளிம்புல, சரியா நடுவுல, ஒரே ஒரு இடம். தொட்டா லேசா மேடா இருக்கு. ஸ்பிரே அடிச்சாலும் இப்ப அடங்கறதில்ல. சாயங்காலம் கிளாஸ் இருக்கு, போயிட்டு வந்து நாளைக்குப் பார்க்கட்டுமா?

மாம்பலம்_பிசியோ எழுதியது:

போகாதீங்க. முன் விளிம்புல வர்றது வேற வகை. அந்தப் பக்கம் ஒவ்வொரு அடிக்கும் எலும்பு இழுபடும், ரத்த ஓட்டமும் குறைவு. சீக்கிரம் ஆறாது, சில சமயம் முழுசா முறிஞ்சிடும். இன்னைக்கு ரோப் வேண்டாம், பேக் வேண்டாம், பஸ் பிடிக்க ஓடவும் வேண்டாம். நாளைக்குக் காலையில எலும்பு டாக்டரைப் பாருங்க. நாலஞ்சு மாசமா வலின்னும் முன் விளிம்புன்னும் மறக்காம சொல்லுங்க. என்ன சொன்னார்னு இங்க வந்து எழுதுங்க, நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்.